'சும்மா'வை அளந்த பேராசிரியை!

"அம்மா என்ன பண்றாங்க?"

"வீட்டுலதான் சார்... சும்மா இருக்காங்க!"

ஆபீஸ் கேன்டீனில் யாரைக் கேட்டாலும் இதே பதில்தான். தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் அந்தச் 'சும்மா' எப்படி இருக்கும் தெரியுமா? விடியுமுன் எழுந்து சாணி அள்ளி, பால் கறந்து, சொசைட்டிக்கு ஊற்றி, தண்ணீர் பிடித்து, களி கிண்டி, கம்பெனி பஸ்ஸுக்கு ஓடும் பிள்ளைக்கு டிபன் கட்டி, அப்புறம் களை பறிக்கப் போவது. கணக்கெடுக்க வருபவரிடம் வீட்டு ஆம்பளை சொல்வார்: "அவ வேலைக்குப் போகல சார்." தீர்ந்தது கதை!

இந்தச் 'சும்மா'வை விடாமல் துரத்தியவர் ஒரு பொருளாதாரப் பேராசிரியை. பெயர் தேவகி ஜெயின். 1933-ல் மைசூரில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் படித்து, அறுபதுகளில் டெல்லி மிராண்டா ஹவுஸ் கல்லூரியில் பாடம் நடத்தியவர். நிம்மதியான வேலை. ஆனால், அதை விட்டுவிட்டு பெண்களின் உழைப்பை ஆராயக் கிளம்பிவிட்டார்!

எழுபதுகளில் ராஜஸ்தானிலும் மேற்கு வங்காளத்திலும் ஆறு கிராமங்கள். "வேலை பார்க்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பாமல், யார் எந்த நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்று அவருடைய குழு கவனித்துக் குறித்தது. வேலையில்லாதவர் என்று எழுதப்பட்ட பல பெண்கள் மாடு மேய்த்தார்கள், தீவனம் சேர்த்தார்கள், வயலில் நின்றார்கள்.

இதில் என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? இருக்கிறது. கணக்கில் வராதவருக்குத் திட்டத்திலும் இடம் கிடையாது. கூலி, கடன், பயிற்சி எல்லாம் 'உழைப்பாளி' என்று எழுதப்பட்டவருக்குத்தானே!

1984-ல், ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டரில் இருக்கும் பெங்களூரில், ஏழை நாடுகளின் பெண் அறிஞர்களைக் கூட்டினார். அங்கே பிறந்த அமைப்பின் பெயர் 'டான்'. சினிமா வில்லன் ஞாபகம் வேண்டாம்... 'விடியல்' என்று அர்த்தம்! 2006-ல் பத்மபூஷண் விருது வந்தது.

நம்ம ஊருக்கும் இதில் பங்குண்டு. தமிழ்நாட்டின் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் 1989-ல் தொடங்கியது அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான். ஓசூரும் கிருஷ்ணகிரியும் அப்போது அதற்குள்தான் இருந்தன. இன்று இந்த வட்டாரத்து ஆலைகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் ஷிப்ட் பார்க்கிறார்கள்.

சந்தோஷம்தான். ஆனால், ஷிப்ட் முடிந்து வந்தால் வீட்டில் இரண்டாவது ஷிப்ட் காத்திருக்கிறதே? 2024-ல் மத்திய அரசு எடுத்த நேரக் கணக்கெடுப்பு சொல்கிறது: சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளில் செலவிடுவது சராசரி 289 நிமிடம். ஆண்கள்? 88! அதுவும், வீட்டு வேலையில் கை வைக்கும் ஆண்களை மட்டும் எண்ணினால்தான் இந்த 88. மற்றவர்கள் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆக, தெருக்குழாயில் நேரத்துக்குத் தண்ணீர் வருவதும், ஆலைப் பக்கத்தில் குழந்தைக் காப்பகம் இருப்பதும், இருட்டுமுன் பஸ் வருவதும் வெறும் வசதிகள் இல்லை. ஒரு பெண்ணின் கையில் சம்பளம் நிற்குமா, நழுவுமா என்பதை முடிவு செய்பவை.

அதெல்லாம் அரசாங்கம் பார்க்கட்டும். நீங்கள் ஒன்று செய்யலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவோ மனைவியோ எழுந்ததிலிருந்து படுக்கும்வரை என்னென்ன செய்கிறார்கள் என்று வாட்ச்சைப் பார்த்து ஒரு தாளில் குறியுங்கள். நடுவே பாத்திரம் தேய்க்கக் கூப்பிட்டால் போய்விடுங்கள். 88 கொஞ்சமாவது ஏறட்டும்!