ஷெல் அடித்தவர் எங்களைக் கண்டாரா?

இறுதிப் போரில் மகளை இழந்த ஓர் அம்மாவை அண்மையில் சந்தித்தேன். பேட்டி முடிந்து எழும்பும்போது கேட்டார்: "தம்பி, அந்த ஷெல்லை அடிச்சவன் எங்களைக் கண்டிருப்பானோ?"

ஊடகக் கற்கை படித்த எனக்கு உடனே பதில் வரவில்லை. சத்தத்தை வைத்தே ஆயுதத்தின் பெயரைச் சொல்லக்கூடியவர்கள் நாங்கள். ஆனால் அந்தச் சத்தத்துக்குப் பின்னால் ஓர் இராணுவம் எப்படி இயங்குகிறது என்பதை எங்களுக்கு யாரும் விளக்கியதில்லை.

காலாட்படையின் வேலை நிலத்தைப் பிடிப்பதும், பிடித்ததை வைத்திருப்பதும். துவக்கு, இயந்திரத் துப்பாக்கி, ஆர்.பி.ஜி., 60 மற்றும் 81 மில்லிமீற்றர் மோட்டார்கள் அவர்களுடையவை. மோட்டாரைத் தவிர்த்தால், பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதையே சுடுகிறார்கள்.

ஆட்லறி நிலத்தைப் பிடிப்பதில்லை. பல கிலோமீற்றர் பின்னால் நின்று, காலாட்படை முன்னேற வழி செய்கிறது. எதிரணியின் காவலரண்களை உடைப்பது, எதிரணியைத் தலைநிமிர விடாமல் வைத்திருப்பது, வழங்கல் பாதையை மறிப்பது, மறுபக்கத்து ஆட்லறியை அடக்குவது அதன் பணிகள். 130 மில்லிமீற்றர் பீரங்கி ஏறத்தாழ 27 கிலோமீற்றர் தூரம் அடிக்கும்.

பீரங்கியடியில் நிற்பவருக்கு இலக்கு தெரியாது. முன்னணியில் இருக்கும் அவதானிப்பாளர் வரைபட ஆள்கூறுகளை வானொலித் தொடர்பில் அனுப்புவார். முதல் ஷெல் விழுந்த இடத்தைப் பார்த்து "கூட்டு, குறை, இடம், வலம்" என்று திருத்துவார். வன்னியில் நாங்கள் 'வண்டு' என்று அழைத்த ஆளில்லா விமானமும் மேலிருந்து படம் அனுப்பியது.

எவ்வளவு திருத்தினாலும் ஷெல்கள் ஒரே புள்ளியில் விழுவதில்லை. காற்று, வெடிமருந்தின் வெப்பம், குழாயின் தேய்வு எல்லாம் அதை விலக்கும். பல்குழல் இன்னும் மோசம். 2000ஆம் ஆண்டு ஆனையிறவு வீழ்ந்த பின் இலங்கை இராணுவம் செக் குடியரசிலிருந்து வாங்கிய ஆர்.எம்.-70க்கு 40 குழாய்கள். 40 ரொக்கெட்டுகளும் அரை நிமிடத்துக்குள் போய்விடும். அது ஓர் இலக்கை அல்ல, ஒரு பரப்பையே அடிக்கும் ஆயுதம்.

பங்கருக்குள் ஓட ஏன் சிலவேளை நேரம் கிடைத்தது, சிலவேளை கிடைக்கவில்லை? ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும். மோட்டார் ஷெல் உயரப் போய் மெதுவாக வருவதால் குத்துகிற சத்தம் முந்திவிடும். பீரங்கி ஷெல் ஒலியை விட வேகமாகப் புறப்படுகிறது. அதனால் சத்தம் பிந்தலாம்.

2009 ஜனவரியில் அரசாங்கம் முதலாவது பாதுகாப்பு வலயத்தை அறிவித்தது. அங்கே தங்கியிருந்த ஐ.நா. பணியாளர்களின் இடத்தின் ஆள்கூறுகள் இராணுவத்திடம் கொடுக்கப்பட்டிருந்தன. ஜனவரி 24 அதிகாலை அந்த இடத்திலும் ஷெல்கள் விழுந்ததாக 2011இல் வெளியான ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை கூறுகிறது. கனரக ஆயுதப் பாவனையை நிறுத்துவதாக ஏப்ரல் 27இல் அரசாங்கம் அறிவித்த பிறகும் ஷெல்லடி தொடர்ந்ததாக அது சொல்கிறது. இறுதிக் கட்டத்தில் பொதுமக்களின் பெரும்பாலான இழப்புகளுக்கு அரசாங்கத்தின் ஷெல்லடியே காரணம் என்பது குழுவின் முடிவு. விடுதலைப் புலிகள் மக்களுக்கு அருகிலிருந்து ஆட்லறி அடித்ததையும், வெளியேற முயன்றவர்களைச் சுட்டதையும் அதே அறிக்கை பதிவுசெய்கிறது.

அந்த அம்மாவிடம் திரும்பப் போய்ச் சொன்னேன்: "அம்மா, பீரங்கியை இழுத்தவன் உங்களைக் கண்டிருக்க மாட்டான். ஆனால் அந்த இடத்தில சனம் இருக்கிறது ஆள்கூறு குடுத்தவைக்கும் கட்டளை போட்டவைக்கும் தெரியாமல் இருந்திருக்க ஏலாது."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "விசுவமடுப் பக்கத்தாலதான் வந்தது, விடிய நாலரை இருக்கும்" என்றார்.

திசை, நேரம், சத்தம். யார் அடித்தது என்பதைக் கண்டறிய விசாரணையாளர்கள் முதலில் கேட்பவை இவைதான். உங்கள் நினைவில் இருப்பதை, மறக்க முன் எழுதி வையுங்கள்.