உங்களுக்குத் தெரியுமா? பாறையைத் துளைக்கும் பொருள்தான் தென்னங்கட்டையையும் சீவுகிறது

கொடுமுடி பக்கம் காய்ப்பு ஓய்ந்த தென்னையை வெட்டினால் அடிக்கட்டையை அப்படியே விட்டுவைக்கக் கூடாது. மட்கும் கட்டைக்குள் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும். பக்கத்து மரங்களின் குருத்தைத் துளைக்கும். வாய்க்கால் கரை, வீட்டுச் சுவர் ஓரம் என்று ஜேசிபி தோண்ட முடியாத இடங்களில், கட்டையைச் சீவித் தூளாக்கும் இயந்திரம் கைகொடுக்கும்.

அதன் சக்கரப் பற்களின் முனையில் இருப்பது டங்ஸ்டன் கார்பைடு. ஆழ்துளைக் கிணற்றுக்குப் பாறையைத் துளைக்கும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளின் பிட்டில் பதித்த பட்டன்களும் இதுவே. கார்பைடு துகளைக் கோபால்ட்டுடன் அழுத்தி, ஏறக்குறைய 1,400 டிகிரி செல்சியஸில் சுட்டு எடுக்கிறார்கள். 1920களில் ஜெர்மனி தந்த அருமையான பொருள் இது. இவ்வளவு கடினமான முனையைத் தேய்ப்பதில் பெரும்பங்கு மரத்துக்கு இல்லை; வேரோடு ஒட்டிவரும் மணலுக்கும் கல்லுக்கும்தான். தென்னையின் உடம்பிலேயே சிலிக்கா வேறு இருக்கிறது.

மழுங்கிய பல்லைச் சாதாரண சாணைக்கல்லில் பிடித்தால் கல்தான் கரையும். பச்சை நிற சிலிக்கன் கார்பைடு கல்லோ, வைரத்தூள் பதித்த சக்கரமோ வேண்டும். சூடேறிய முனையைத் தண்ணீரில் முக்கினால் விரிசல் விழும். கிளம்பும் தூசியில் உள்ள கோபால்ட் நுரையீரலைக் கெடுக்கும். முகக்கவசம் இல்லாமல் தீட்டவே வேண்டாம், கண்ணாடியும் அவசியம்.

முனை உடைந்திருந்தால் தீட்டிப் பயனில்லை, புதுப் பல்தான். அப்போது எதிர்ப்பக்கத்துப் பல்லையும் சேர்த்து மாற்றுங்கள். எடை ஒருபக்கம் கூடினால் சக்கரம் அதிர்ந்து பேரிங் சீக்கிரமே போய்விடும்.