மனம் தணிந்த பின்

மட்டற்ற கிளர்ச்சி ஒரு முனை. ஆழ்ந்த சோர்வு மறுமுனை. இவ்விரண்டிற்கும் இடையே மனம் அலைவதே இருமுனை மனநோய். கிளர்ச்சியைத் தணிக்க லித்தியம் பயன்படுவதை 1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் வெளியிட்டார். ஆயினும் மருந்தால் மனம் சமநிலை அடைந்த பின்னரும் பலருக்குக் கவனம், நினைவாற்றல், திட்டமிடும் திறன் ஆகியன குன்றியே நிற்கின்றன.

என் பெரியப்பா மகன் அவ்வாறு தேறியவர். கடைக்குச் சென்றால் நான்கு பொருள்களில் இரண்டை மறந்துவிடுவார். உறவினர் அதைச் சோம்பல் என்பர். அது சோம்பலன்று, நோய் விட்டுச்சென்ற குறை. சீட்டில் எழுதிக் கொடுத்தால் நான்கையும் வாங்கி வருகிறார்.

இத்தகைய உத்திகளையே முறையாகக் கற்பிப்பது அறிதிறன் மறுவாழ்வுப் பயிற்சி. ஸ்பெயினில் 239 நோயாளரிடம் நடத்திய ஆய்வொன்று 2013-இல் வெளிவந்தது. அவர்களுள் ஒரு பிரிவினர் வாரம் ஒருமுறை, 90 நிமிடம் வீதம், 21 வாரங்கள் குழுவாகப் பயின்றனர். முடிவில், வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றவர்களைவிட அவர்களுடைய அன்றாடச் செயற்பாடு மேம்பட்டிருந்தது.

மருந்துக்கு இது மாற்றன்று; துணை. நண்பர்களே, தேறி வந்த ஒருவர் மறந்தால் அவரைப் பழிக்க வேண்டா. ஒரு சீட்டு எழுதிக் கொடுப்போம்.