இரைச்சலை வெல்லும் இதயம்

உத்திரமேரூர் என்றதும் நினைவுக்கு வருவது முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு. ஊரின் 30 குடும்புகளிலிருந்து தேர்வானவர்கள் கூடியே நிர்வாகம் நடத்தினர். இதயமும் ஏறக்குறைய அப்படித்தான். அங்கும் தனியொரு செல்லின் ஆணை செல்லுபடியாவதில்லை.

இதயத்துடிப்பு, வலது மேலறையிலுள்ள சைனஸ் கணுவில் தொடங்குகிறது. அதிலுள்ள ஆயிரக்கணக்கான செல்கள் தாமே துடிக்க வல்லவை. ஆனால், செல்லின் சவ்விலுள்ள அயனி வாயில்கள் தற்செயலாகத் திறந்து மூடுவதால், தனித்த செல்லின் துடிப்பு சற்றே முந்தும் அல்லது பிந்தும். இதுவே மின் இரைச்சல். அண்டைச் செல்களை இணைக்கும் நுண்ணிய புரதக் குழாய்கள் வழியே மின்னோட்டம் பாயும்போது, இந்த வேறுபாடுகள் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. கோழிக் கருவின் இதயச் செல்களைக் கொண்டு கிளே, டிஹான் ஆகியோர் 1979-இல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்து காட்டியது. அதன் கணக்கின்படி, 100 செல்கள் இணைந்தால் ஒழுங்கின்மை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகிவிடும். மாதிரிக் கணக்கெடுப்பில் பொருளியல் மாணவர்கள் பயிலும் வர்க்கமூல விதியும் இதுவே.

மாரடைப்பின்போது இந்த உறவு அறுபடுகிறது. ரத்தம் கிடைக்காத செல்கள் அண்டைச் செல்களுடனான இணைப்பை இழக்கின்றன. மின்னலைகள் தடம் மாறிச் சுழலத் தொடங்கினால், கீழறைகள் துடிப்பதை விட்டு வெறுமனே நடுங்கும். உடனடிச் சிகிச்சை கிடைக்காவிடில் சில நிமிடங்களில் உயிர் பிரியும்.

ஆபத்தை முன்னரே உணர்த்தவல்லது இ.சி.ஜி. எனினும், தோலின் மேல் அதற்குக் கிட்டும் சமிக்ஞை ஏறத்தாழ 1 மில்லிவோல்ட் மட்டுமே. சுற்றிலும் இருப்பதோ 230 வோல்ட் மின்சாரம். எர்த் இணைப்பு பழுதாகவோ, மின்முனை தோலில் சரியாக ஒட்டாமலோ இருந்தால், 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வரைபடத்தை மறைத்துவிடும்.

2023-இல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டம், ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே அவசர மாத்திரைகள் கிடைக்க வழிசெய்தது. காஞ்சிபுரத்திலிருந்து ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவிலுள்ள உத்திரமேரூர் போன்ற பகுதிகளுக்கு இது பெரும் துணை. அந்நிலையங்களின் எர்த் இணைப்பை ஆண்டுதோறும் சோதிப்பதற்குப் பெரும் நிதி தேவையில்லை. மக்கள் செய்யவேண்டியதும் ஒன்றுண்டு: நெஞ்சுவலியை வாயுத்தொல்லை என்று தள்ளிப்போடாமல் உடனே சுகாதார நிலையத்துக்குச் செல்வது. அறுபட்ட உறவை மீட்கக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு.