குதிரைக் குளம்பும் மழைக்காலமும்

மும்பையிலும் புனேயிலும் வாழும் நம்மவர்களுள் பலர் மாதேரான் மலைக்குச் சென்று வந்திருப்பர். பயணிகளின் மோட்டார் கார்கள் தஸ்தூரி நாக்காவோடு நின்றுவிடும். அங்கிருந்து செம்மண் பாதையில் ஏறுவோர் பலருக்குக் குதிரையே துணை. ஜூன் முதல் செப்டம்பர் வரை அம்மலையில் மழை மிகுதி. நாம் குடை பிடித்துக்கொள்கிறோம். குதிரையோ நாள் முழுதும் சேற்றில் நிற்கிறது. அதன் குளம்பு கெட்டால் வாயில்லாப் பிராணிக்கு நோவு. அதனை நம்பி வாழும் வீட்டில் அடுப்பெரிவதும் ஐயமே. ஆதலின் குளம்பில் நோய் தொற்றுவதை அறியும் வகையையும், தீர்க்கும் வகையையும் ஈண்டுக் காண்போம்.

குளம்பு முழுவதும் உயிரற்ற கொம்பு என்று எண்ணுதல் தவறு. வெளிச்சுவர் நம் நகத்தைப் போன்றது. மாதம் ஒன்றுக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளர்வது. அதனுள்ளே நரம்பும் குருதியும் நிறைந்த மெல்லிய தசை இருக்கிறது. காலைத் தூக்கி அடிப்புறத்தை நோக்கினால், குதிகாற் பக்கம் அகன்று முன்னே குவியும் முக்கோணப் பாகம் ஒன்று ரப்பரைப் போல் தோன்றும். அதன் இருபுறத்துப் பள்ளங்களில் சேறும் இலத்தியும் அடைந்துகொள்ளும். காற்றுப் புகாத அந்த ஈரத்தில் கிருமிகள் பெருகுகின்றன.

இதனால் முதலில் வருவது அழுகல். அதனை அறிவிப்பது நாற்றமே. பள்ளத்திலிருந்து கருநிறக் கசிவு தோன்றும். முக்கோணப் பாகம் பிய்ந்து மெதுவாகும். தொடக்கத்தில் குதிரை நொண்டாது. நொண்டும் வரை காத்திருப்போமாயின், அழுகல் உயிருள்ள தசையை எட்டியிருக்கும். பள்ளங்களைச் சுரண்டித் தூய்மை செய்து, கழுவி, ஈரம் போகத் துடைத்து, மருத்துவர் தரும் அயோடின் கரைசல் போன்ற மருந்தை இடவேண்டும். இறந்த பாகத்தைப் பழகியவரே செதுக்கவேண்டும். காரமான திராவகங்களை ஊற்றினால் நல்ல தசையும் வெந்துபோகும். லாயம் ஈரமாகவே இருக்குமாயின் எம்மருந்தும் நிலைத்த பயன் தராது.

இரண்டாவது, குளம்பினுள் சீழ் கட்டுதல். நேற்று நன்றாக நடந்த குதிரை இன்று ஒரு காலை ஊன்றவே மறுக்கும். எலும்பு முறிந்ததோ என்று அஞ்சத் தோன்றும். அக்குளம்பு சுடும், கணுக்காலின் பின்பக்கம் விரல் வைத்தால் நாடி துள்ளுவது புலப்படும். ஆணியோ கூரிய கல்லோ தைத்த வழியே கிருமி புகுந்திருக்கலாம். கடினமான குளம்பு விரிந்து கொடாது; ஆகவே உள்ளே சேரும் சீழ் கொடிய வலியைத் தருகிறது. மருத்துவர் இடமறிந்து சிறு துளையிட்டுச் சீழை வடித்தால் குதிரை பெரும்பாலும் விரைவில் தேறும். பிறகு துளையில் மண் புகாமல் கட்டுப்போட்டுக் காக்கவேண்டும். ஆணி தைத்திருப்பதைக் கண்டால், அது மேலும் இறங்காதபடி காத்து, உடனே மருத்துவரை அழைத்தல் நன்று. ஆணி சென்ற வழியையும் ஆழத்தையும் அவர் காண்பது இன்றியமையாதது. குதிரையினம் டெட்டனஸ் என்னும் இசிவு நோய்க்கு மிக எளிதில் இரையாவது, தடுப்பூசியை மறத்தலாகாது.

மூன்றாவது, சுவரும் அடித்தளமும் கூடுமிடத்தில் சுவர் பிரிந்து உட்குழிதல். தட்டினால் பொள்ளென்று ஒலிக்கும். உள்ளே கொம்பு மாவாய் உதிரும். கெட்ட பாகத்தை நீக்கிக் காற்றுப்படச் செய்வதே தலையாய சிகிச்சை.

இங்கு ஓர் எச்சரிக்கை. முன்னங்கால் இரண்டும் சுட, குதிரை பின்னே சாய்ந்து நகர மறுத்தால், அது குளம்பினுள் தசை அழன்ற வேறொரு நோயாகலாம். தானியத்தை மிகுதியாகத் தின்றதாலும் அது வரும். அங்கே தோண்டிச் சீழ் தேடுதல் கேடு. தாமதமின்றி மருத்துவரை நாடவேண்டும்.

நாள்தோறும் நான்கு குளம்புகளையும் தூக்கிப் பார்த்துச் சுரண்டுதல், உலர்ந்த படுக்கை, 6 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை சீவி லாடம் மாற்றுதல் ஆகிய மூன்றும் பெருஞ்செலவின்றி நோயைத் தடுப்பன. லாடமடிப்பவரை வட மாநிலங்களில் 'நால்பந்த்' என்பர். குதிரை வைத்தியரைச் 'சலோத்ரி' என்னும் வழக்கும் அங்குண்டு. இச்சொற்களை அறிந்து வைத்தால் வேற்றூரிலும் உதவி கேட்கலாம்.

சொந்தக் குதிரை இல்லாத நமக்கும் ஒரு கடமை உண்டு. வாடகைக் குதிரையில் ஏறுமுன் அதனைப் பத்தடி நடத்திக் காட்டச் சொல்வோம். முன்கால் ஒன்று ஊன்றும்போதெல்லாம் தலையைத் தூக்குமாயின், அக்காலில் நோவுண்டு. அதன்மீது ஏறாமல், குறையைக் குதிரைக்காரரிடம் கனிவாய் எடுத்துரைப்போம். அன்று ஒரு சவாரி குறையலாம்; குதிரை பிழைத்தால் அவர் பிழைப்பும் நிலைக்கும்.