ஊட்டி குளிரில் குழந்தைக்கு ஒரு தடி ஸ்வெட்டர் போதுமா? உள்ளே போடும் பனியனில்தான் விஷயமே இருக்கு!

டிசம்பர், ஜனவரி வந்தாலே ஊட்டி, கொடைக்கானலுக்கு டூர் கிளம்பும் குடும்பங்கள் அதிகம். பையில் முதலில் ஏறுவது குழந்தையின் தடிமனான ஸ்வெட்டர். கூடவே ஒரு மங்கி கேப். இது போதும் என்று கிளம்பிவிடுகிறோம். ஆனா, அங்கே நடப்பது வேற. விடியற்காலையில் நடுங்கும் குழந்தை, 11 மணிக்குப் பூங்காவில் ஓடி ஆடி வேர்த்துப் போய் ஸ்வெட்டரைக் கழற்றி வீசுகிறது. சாயங்காலம் அதே குழந்தை உதடு வெளுத்து வந்து நிற்கிறது. திரும்ப ஸ்வெட்டரை மாட்டிவிட்டாலும் நடுக்கம் உடனே நிற்பதில்லை.

ஸ்வெட்டர் நல்லதுதான். அப்போ தப்பு எங்கே? பார்க்கலாம்.

ஒரே நாளில் ரெண்டு சீசன்

ஊட்டி கடல் மட்டத்தில் இருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1,000 மீட்டர் மேலே ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். அந்தக் கணக்குப்படி, மேட்டுப்பாளையத்தை விட ஊட்டியில் சுமார் 12 டிகிரி குறைவு.

இதைவிட முக்கியமானது பகலுக்கும் இரவுக்கும் உள்ள வித்தியாசம். உறைபனிக் காலத்தில் தலைக்குந்தா, காந்தல் போன்ற இடங்களில் விடியற்காலையில் புல்வெளி வெள்ளை வெளேர் என்று இருக்கும். அதே நாள் மதியம் வெயில் சுள்ளென்று அடிக்கும். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான், மேகமே இல்லாத வானம். பகலில் வெயிலைத் தடுக்க ஆள் இல்லை, இரவில் தரையின் சூடு மேலே போவதைத் தடுக்கவும் ஆள் இல்லை.

இப்படிப்பட்ட ஊரில் ஒரே ஒரு தடி ஸ்வெட்டர் என்றால், போட்டால் புழுக்கம், கழற்றினால் குளிர். நடுவில் எதுவும் கிடையாது.

சூடு எங்கிருந்து வருது?

ஸ்வெட்டரில் சூடு இல்லை. சூடு குழந்தையின் உடம்பில்தான் இருக்கு. துணிகளுக்கு நடுவே சிக்கி நிற்கும் காற்றுதான் அந்தச் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. அதனால்தான் தடியான ஒரு துணியை விட, மெல்லிசான இரண்டு மூன்று துணிகள் ஒன்றின் மேல் ஒன்று இருந்தால் நல்லது. ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு காற்று அடுக்கு கிடைத்துவிடும். தேவைப்பட்டால் ஒன்றை மட்டும் கழற்றவும் முடியும்.

அந்தக் காற்றின் இடத்தில் தண்ணீர் வந்துவிட்டால் கதையே மாறிவிடும். காற்றை விடத் தண்ணீர் 20 மடங்குக்கும் மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். குழந்தை ஓடும்போது வேர்க்கிறது, அந்த வேர்வையைப் பருத்தி பனியன் உறிஞ்சி உடம்போடு ஒட்டிக்கொள்கிறது. ஓட்டம் நின்றதும் அந்த ஈரம் உடம்புச் சூட்டை இழுக்க ஆரம்பிக்கிறது. மேலே எவ்வளவு நல்ல ஸ்வெட்டர் போட்டாலும் உள்ளே ஈரத்துணி சுற்றிய மாதிரிதான்.

சென்னை வெயிலில் பருத்தி பனியனை நாம் கொண்டாடுவதே இந்தக் குணத்துக்காகத்தான்! வேர்வையை உறிஞ்சி, மெதுவாகக் காய்ந்து, உடம்பைக் குளிர்விக்கும். அதே குணம் மலையில் நமக்கு எதிராகத் திரும்பிவிடுகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குப் பருத்தியால் பெரிய பிரச்னை இல்லை. ஓடி விளையாடும் குழந்தைக்குத்தான் சிக்கல்.

அப்போ எதை எப்படிப் போடுவது?

உடம்போடு ஒட்டும் முதல் துணி, வேர்வையைத் தேக்காமல் சீக்கிரம் காயும் ரகமாக இருக்கணும். தெர்மல் இருந்தால் நல்லது, ஆனா லேபிளைப் பாருங்க. கடையில் தெர்மல் என்று விற்பதில் முழுப் பருத்தியும் உண்டு. இதற்காகச் செலவு செய்யவும் வேணாம். வீட்டில் கிடக்கும் பாலியஸ்டர் ஸ்போர்ட்ஸ் டி-ஷர்ட்டே போதும். பல பள்ளிகளின் விளையாட்டு யூனிஃபார்ம் அந்தத் துணிதான். கொஞ்சம் உடம்போடு ஒட்டிய அளவில் இருக்கட்டும்.

அதன் மேல் கம்பளி ஸ்வெட்டர் அல்லது ஃப்ளீஸ். காற்றைப் பிடித்து வைக்கும் வேலை இதனுடையது. முன்பக்கம் ஜிப் வைத்தது என்றால் குழந்தையே திறந்துகொள்ளும். தலை வழியாக மாட்டும் ஸ்வெட்டர் என்றால் ஒவ்வொரு தடவையும் ஒரு போராட்டம்தான். உண்மையான கம்பளிக்கு இன்னொரு லாபமும் இருக்கு. லேசாக ஈரமானாலும் கதகதப்பை முழுசாக விட்டுவிடாது.

வெளியே காற்றையும் தூறலையும் தடுக்கும் ஒரு விண்ட்சீட்டர். நம் ஊர் குடும்பங்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இதைத்தான். ஸ்வெட்டரின் பின்னலுக்குள் குளிர்காற்று புகுந்து, சேர்த்து வைத்த சூட்டைத் துரத்திவிடும். சாதாரண ரெயின்கோட் கூட அந்தக் காற்றைத் தடுக்கும். என்ன, அதைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் ஓடினால் உள்ளே வேர்க்கும்.

கையைத் தொட்டுப் பார்த்து முடிவு பண்ணாதீங்க

குளிரில் குழந்தையின் கை சில்லென்றுதான் இருக்கும். முக்கிய உறுப்புகளின் சூட்டைக் காக்க, உடம்பு கை காலுக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். பிடரியில் கை வைத்துப் பாருங்க. ஈரமாக இருந்தால் ஒரு துணியைக் கழற்றணும். சில்லென்று இருந்தால் ஒன்றைக் கூட்டணும். கதகதப்பாகக் காய்ந்து இருந்தால் விட்டுவிடலாம். முழுசாக வேர்த்த பிறகு கழற்றுவது லேட். ஓட ஆரம்பிக்கும்போதே ஜிப்பைத் திறந்துவிடுவது நல்லது.

எடையோடு ஒப்பிட்டால் குழந்தைகளின் தோல் பரப்பு பெரியவர்களை விட அதிகம். அதனால் சீக்கிரம் சூட்டை இழப்பார்கள். விளையாட்டு மும்முரத்தில் குளிருது என்று வந்து சொல்லவும் மாட்டார்கள். கைக்குழந்தைக்கு, அதே இடத்தில் நீங்கள் போட்டிருப்பதை விட ஒரு அடுக்கு கூடுதல் என்பது குழந்தை மருத்துவர்கள் சொல்லும் பொதுவான கணக்கு. விடாமல் நடுங்குவது, பேச்சு குழறுவது, சோர்ந்து தூங்கி விழுவது போன்றவை தெரிந்தால் ஈரத்துணியை மாற்றி, போர்த்தி, தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். பிறந்த குழந்தைகளுக்குச் சரியாக நடுங்கவும் தெரியாது.

தலை வழியாகத்தான் பாதிச் சூடு போகுமா?

பெரியவர்களுக்கு அது கட்டுக்கதை. தலையும் கழுத்தும் சேர்ந்தே உடம்புப் பரப்பில் சுமார் 9 சதவீதம்தான். ஆனா கைக்குழந்தைக்கு அது சுமார் 18 சதவீதம். ஆக, பாட்டி வற்புறுத்தும் மங்கி கேப் விஷயத்தில் பாட்டி பக்கம்தான் நியாயம் அதிகம்.

மஃப்ளர் மட்டும் வேணாம். ஊஞ்சல், சறுக்கு மரம், ராட்டினம் எதில் சிக்கினாலும் கழுத்தை இறுக்கிவிடும். தொப்பியில் தொங்கும் நாடாவும் அப்படித்தான், உருவி எடுத்துவிடுங்க. ஷூவுக்குள் இரண்டு சாக்ஸ் திணிப்பதும் உதவாது. இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும்.

கனடாவில் இருக்கும் பேரப்பிள்ளைகளுக்கு?

டொரோன்டோ பனியிலும் இதே மூன்று அடுக்குதான். கூடவே ஸ்னோ பேன்ட், விரல்களைச் சேர்த்து மூடும் கையுறை, நீர் புகாத பூட்ஸ். காற்றின் வேகத்தையும் சேர்த்த குளிர் அளவு மைனஸ் 28-க்குக் கீழே போனால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடங்களில் உறைந்துவிடலாம் என்கிறது கனடா அரசின் வானிலைத் துறை. காரில் ஏற்றும்போது மட்டும் தடி ஜாக்கெட்டைக் கழற்றிவிடணும். விபத்து நடந்தால் ஜாக்கெட் அமுங்கி, சீட் பெல்ட் தளர்ந்துபோகும். பெல்ட் போட்ட பிறகு ஜாக்கெட்டை மேலே போர்த்தினால் போதும்.

ஊட்டிக்குக் கிளம்புகிறவர்கள் பையில் இடம் இல்லை என்றால் இரண்டாவது ஸ்வெட்டரை வெளியே எடுத்துவிட்டு, மாற்று டி-ஷர்ட் இரண்டும் சாக்ஸ் மூன்று ஜோடியும் வையுங்க. மாலை 4 மணி வாக்கில், வெயில் இறங்கும் முன்பே உள் டி-ஷர்ட்டை மாற்றிவிட்டால் குழந்தை இன்னும் ஒரு மணி நேரம் தாராளமாக ஆடும்.