நான் காட்டியது திரிசங்கு இல்லை

மார்ச் நடுவில் ஒருநாள் இரவு ஒன்பது மணிக்கு மொட்டை மாடியில் நின்று, தெற்கே சிலுவை மாதிரி தெரிந்த நான்கு நட்சத்திரங்களை மகளுக்குக் காட்டினேன். "இதுதான் தென்சிலுவை, நம்ம ஊர்ல திரிசங்குன்னு சொல்வாங்க." அவள் அதை நோட்டில் வரைந்து பள்ளியில் டீச்சரிடமும் காட்டிவிட்டாள். இரண்டு நாள் கழித்து சும்மா ஒரு கணக்குப் போட்டபோதுதான் உறைத்தது. அந்த நேரத்தில் திரிசங்கு அங்கே இருக்கவே முடியாது.

கணக்கு ஒன்றும் பெரிசில்லை. பூமியில் ஊர்களுக்கு அட்சரேகை, தீர்க்கரேகை இருப்பதுபோல ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் வானத்தில் இரண்டு எண்கள் உண்டு. ஒன்றை வைத்து எந்த ஊரில் தெரியும் என்று சொல்லலாம். இன்னொன்றை வைத்து எந்த மாதம், எத்தனை மணிக்கு என்று சொல்லலாம்.

முதலில் ஊர். பூமத்திய ரேகையை அப்படியே வானத்தில் நீட்டினால் வரும் கோட்டுக்கு 63 டிகிரி தெற்கே இருக்கிறது, திரிசங்கின் அடிமுனை நட்சத்திரமான அக்ரக்ஸ். 90-லிருந்து உங்கள் ஊரின் அட்சரேகையையும் இந்த 63-ஐயும் கழியுங்கள். மிச்சம்தான் அது அடிவானத்துக்கு மேல் எட்டும் அதிகபட்ச உயரம். சென்னைக்கு 13 போக மிச்சம் 14 டிகிரி. கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி, ஆக ஒன்றரை முஷ்டி உயரம். கன்னியாகுமரியில் 19 டிகிரி வரை வரும். டெல்லிக்குப் போட்டால் விடை மைனஸில் போகிறது; அங்கே அக்ரக்ஸ் உதிப்பதே இல்லை.

இந்த எண்களும் நிரந்தரமில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். 2-ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவில் இருந்த தாலமி, இந்த நட்சத்திரங்களை சென்டாரஸ் என்ற குதிரை மனிதனின் பகுதியாகப் பட்டியலிட்டிருக்கிறார். அலெக்சாண்ட்ரியா 31 டிகிரி வடக்கு. இன்றைக்குக் கணக்குப் போட்டால் அக்ரக்ஸ் அங்கே தெரியவே கூடாது. பூமியின் அச்சு பம்பரம்போலத் தலையாட்டுகிறது, ஒரு சுற்றுக்கு சுமார் 26,000 வருடம். அதில் திரிசங்கு தெற்கே நழுவிவிட்டது.

அடுத்தது நேரம். பூமி சூரியனைச் சுற்றுவதால் நட்சத்திரங்கள் தினமும் 4 நிமிடம் முன்னதாக உதிக்கும். மாதத்துக்கு 2 மணி நேரம். திரிசங்கு தெற்கில் உச்சத்துக்கு வருவது மே நடுவில் இரவு 9 மணிக்கு என்றால், ஏப்ரல் நடுவில் 11 மணி, மார்ச் நடுவில் நள்ளிரவு தாண்டி 1 மணி. நான் நாலு மணி நேரம் அவசரப்பட்டிருக்கிறேன்! அப்போது அது தென்கிழக்கு அடிவானத்தில், பக்கத்து வீட்டுத் தண்ணீர் டேங்குக்குப் பின்னால்தான் இருந்திருக்கும்.

நான் காட்டியது பொய்ச்சிலுவை. வேலா, கரீனா என்ற இரண்டு மண்டலங்களின் நட்சத்திரங்கள் சேர்ந்து போடும் வேஷம். நிஜத்தைவிடப் பெரிசு, கொஞ்சம் மங்கல். குழப்பம் வந்தால் இடது பக்கம் பாருங்கள். நிஜத் திரிசங்குக்கு அந்தப் பக்கம் ஆல்ஃபா சென்டாரி, பீட்டா சென்டாரி என்று இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள் துணைக்கு நிற்கும். பொய்க்கு அப்படி யாரும் இல்லை.

மே மாதம் மறுபடி மாடி ஏறினோம். நிஜம் நேர் தெற்கில் நின்றது, பொய் தென்மேற்கில் இறங்கிக்கொண்டிருந்தது. "அப்போ நோட்டுல இருக்கறத அடிச்சிடவாப்பா?" என்றாள். வேண்டாம், பக்கத்தில் 'பொய்ச்சிலுவை, மார்ச், இரவு 9' என்று எழுதிவிடு என்றேன். டீச்சரிடம் யார் சொல்வது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.